தோற்றவன் ஜெயிக்கும் சதுரங்கம்

சதுரங்கத்தில் எவ்வளவு சீக்கிரம் தோற்க முடியும்? வெறும் இரண்டே நகர்த்தல்களில் தோற்கலாம்! வெள்ளைக் காய்களை வைத்திருப்பவர், ராஜாவின் பக்கத்து மந்திரிக்கு முன் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டமும், அதற்கு அடுத்தபடியாகக் குதிரைக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டமும் நகர்த்த வேண்டும். கறுப்பு இதற்குள் தன் ராணிக்கு வழி திறந்து வைத்திருந்தால் போதும். ராணி பலகையின் ஓரத்துக்கு வந்து நிற்கும். செக்மேட். இதற்கு ஆங்கிலத்தில் 'ஃபூல்ஸ் மேட்', அதாவது முட்டாளின் மேட் என்று பெயர்.

சதுரங்கம் கற்றுக்கொள்ளும் எல்லோருக்கும் ஏதாவது ஒரு நாள் ஒரு குறும்பான யோசனை தோன்றும். இப்படி மோசமாக ஆடுபவருக்கே பரிசு என்று வைத்தால் என்ன? ராணியைத் தூக்கிக் கொடுப்பவன் கெட்டிக்காரன், யானையைக் காப்பாற்றுகிறவன் அசடு என்று விதியைத் தலைகீழாக்கினால் ஆட்டம் எப்படி இருக்கும்? சிரிப்புக்காகச் சொல்லப்பட்ட இந்த யோசனைக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அந்த வேடிக்கை ஆட்டம் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் கணித ஆராய்ச்சி என்பதுதான் ஆச்சரியம்.

யோசனை சுலபம், விதி கஷ்டம்

"முதலில் தோற்பவருக்கு வெற்றி" என்று சொல்லிவிட்டால் மட்டும் அது ஒரு விளையாட்டு ஆகிவிடாது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒருவர் தன் ராணியைக் கொண்டுபோய் எதிராளியின் சிப்பாய்க்கு முன்னால் வைக்கிறார். எதிராளி அதை வெட்டினால் அவருக்கு நஷ்டம். அப்புறம் ஏன் வெட்டப்போகிறார்? கண்டும் காணாததுபோல் வேறு எங்கோ ஒரு காயை நகர்த்திவிட்டு, தன் ராணியையும் அதேபோல் நீட்டுவார். கொடுக்க இரண்டு பேரும் தயார், வாங்கத்தான் ஆள் இல்லை. ஆட்டம் விடிய விடிய நடந்தாலும் ஒரு காய்கூடப் பலகையை விட்டுப் போகாது.

இந்த முட்டுக்கட்டையை உடைத்தது ஒரே ஒரு விதி: வெட்ட முடிந்தால் வெட்டியே ஆகவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காய்களை வெட்டலாம் என்றால் எதை வெட்டுவது என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், ஆனால் வெட்டாமல் இருக்க முடியாது. இந்தக் கட்டாயம் வந்த பிறகுதான் 'விட்டுக்கொடுப்பது' தாக்குதலாக மாறியது. நீட்டிய காயை எதிராளி வாங்கிக்கொண்டே ஆகவேண்டும். அவர் எந்தக் காயால் வாங்குவார், வாங்கிய பிறகு அந்தக் காய் எங்கே போய் நிற்கும், அங்கே நின்று அடுத்து எதை வெட்ட வேண்டியிருக்கும் என்பதையெல்லாம் கொடுப்பவரே தீர்மானிக்கிறார்.

இன்று பரவலாக ஆடப்படும் வடிவத்தில் மற்ற விதிகள் இவை. ராஜாவுக்குத் தனி மரியாதை எதுவும் கிடையாது, அவரும் மற்றவர்களைப்போல் ஒரு காய்தான். செக் இல்லை, மேட் இல்லை, காஸ்லிங்கும் இல்லை. கடைசி வரிசையை அடையும் சிப்பாய் ராணியாக, யானையாக, குதிரையாக, மந்திரியாக மட்டுமல்ல, ராஜாவாகவும் மாறலாம்! தன் காய்கள் அனைத்தையும் முதலில் இழப்பவரே வெற்றி பெற்றவர். நகர்த்த வழியில்லாமல் ஒருவர் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதில் மட்டும் இரண்டு கட்சிகள் உண்டு. மாட்டிக்கொண்டவருக்கே வெற்றி என்பது ஒரு கட்சி. யாரிடம் காய்கள் குறைவோ அவருக்கு வெற்றி என்பது இன்னொரு கட்சி.

இங்கிலாந்தின் விசித்திர விதி

நகர்த்த வழியில்லாமல் மாட்டிக்கொண்டவருக்கு வெற்றி என்பது வேடிக்கை ஆட்டத்துக்காகப் புதிதாகக் கற்பனை செய்யப்பட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சாதாரண சதுரங்கத்திலேயே ஒரு காலத்தில் இந்த விதி இருந்திருக்கிறது.

செக் இல்லாத நிலையில் ராஜாவுக்கும் மற்ற காய்களுக்கும் நகர இடமில்லாமல் போவதை ஸ்டேல்மேட் என்கிறோம். இன்று அது டிரா. ஆனால் இங்கிலாந்தில் ஏறத்தாழ 1600 முதல் 1800 வரை நிலைமை வேறாக இருந்தது. எதிராளியை ஸ்டேல்மேட்டில் மாட்டவைத்தவர் தோற்றதாகவும், மாட்டிக்கொண்டவர் ஜெயித்ததாகவும் கருதப்பட்டது. 1614-ல் ஆர்தர் சால் எழுதிய சதுரங்க நூல் இந்த விதியைச் சொல்கிறது. எதிராளியின் எல்லாக் காய்களையும் துடைத்தெடுத்துவிட்டு, கடைசியில் கவனக்குறைவாக அவருடைய ராஜாவுக்கு ஒரு கட்டம்கூட மிச்சம் வைக்காமல் அடைத்துவிட்டால், அதுவரை ஆடிய நல்ல ஆட்டம் முழுவதும் வீண். அத்தனையையும் பறிகொடுத்தவர் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்!

ஜேக்கப் சாரட் என்ற லண்டன் ஆட்டக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் இருந்த டிரா விதியை வலியுறுத்தினார். அவருடைய செல்வாக்கால் இங்கிலாந்தும் மாறிக்கொண்டது. 'விழுந்தவனுக்கு வெற்றி' என்ற விதி முறையான சதுரங்கத்திலிருந்து வெளியேறியது.

புதிர்க்காரர்களின் கைவண்ணம்

அப்படி வெளியேறிய எண்ணம் புதிர்ப் பக்கங்களில் உயிரோடு இருந்தது. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சதுரங்கப் பத்திரிகைகள் பெருகின. "வெள்ளை மூன்று நகர்த்தலில் மேட் செய்ய வேண்டும்" என்ற மாதிரியான புதிர்கள் அலுத்துப்போனவர்கள் நோக்கத்தையே மாற்றிப் பார்த்தார்கள்.

அப்படி வளர்ந்த வகைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று 'ஹெல்ப்மேட்'. இதில் வெள்ளையும் கறுப்பும் கூட்டுச் சேர்ந்துகொண்டு கறுப்பு ராஜாவை மேட் ஆக்க வேண்டும். ஜெர்மனியைச் சேர்ந்த மாக்ஸ் லாங்கே 1854-ல் இந்த வகையின் முதல் புதிரை வெளியிட்டார். 1860-ல் அமெரிக்கப் புதிர் மன்னர் சாம் லாய்ட், கறுப்பு முதலில் நகர்த்தும்படியான ஹெல்ப்மேட்டை அமைத்தார். இரண்டாவது வகை 'செல்ஃப்மேட்'. இதில் வெள்ளை தன் ராஜாவுக்கே மேட் வாங்க முயல்கிறது. கறுப்பு அதைக் கொடுக்க மறுக்கிறது. மறுக்கும் கறுப்பைக் கட்டாயப்படுத்தி, வேறு வழியே இல்லாமல் மேட் கொடுக்க வைக்க வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கவனிக்க வேண்டிய ஒன்று. ஹெல்ப்மேட்டில் எதிர்ப்பு இல்லை, இருவரும் ஒரே பக்கம். செல்ஃப்மேட்டில் எதிர்ப்பு உண்டு. தோற்க விரும்புகிறவனைத் தோற்கவிடாமல் தடுக்க ஒருவன் இருக்கிறான். அந்த இழுபறியைப் புதிரிலிருந்து எடுத்து, இரண்டு பேர் உட்கார்ந்து ஆடும் ஆட்டமாக்கினால் கிடைப்பதுதான் தோற்கும் சதுரங்கம்.

பல ஊர், பல பெயர்

இதைக் கண்டுபிடித்தவர் என்று ஒரே ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. 1870-களில் 'டேக் மீ', அதாவது 'என்னை வெட்டு' என்ற பெயரில் இதன் ஆரம்ப வடிவம் ஒன்று ஆடப்பட்டது. பிறகு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர். ஆங்கிலத்தில் லூசிங் செஸ், கிவ்அவே செஸ், சூயிசைட் செஸ், ஆன்டிசெஸ். பிரெஞ்சுக்காரர்கள் 'தோற்பவன் ஜெயிக்கிறான்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். ஜெர்மானியர்களின் பெயர்களில் ஒன்றுக்குக் 'கொள்ளைக்காரர் சதுரங்கம்' என்று அர்த்தம். ரஷ்யர்கள் விட்டுக்கொடுப்பதைக் குறிக்கும் சொல்லாலேயே இதை அழைக்கிறார்கள்.

ராஜாவை முதலில் பறிகொடுப்பவருக்கு வெற்றி என்ற ஒரு வகைக்குக் 'கோட்ரஸ்' என்று பெயர். பழைய கிரேக்கக் கதையில் கோட்ரஸ் என்பவர் ஏதென்ஸின் ராஜா. டோரியர்கள் படையெடுத்து வந்தபோது, ஏதென்ஸ் ராஜாவுக்குத் தீங்கு நேராமல் இருந்தால்தான் டோரியர்களுக்கு வெற்றி கிட்டும் என்று டெல்ஃபியில் குறி சொல்லப்பட்டதாம். அதைக் கேள்விப்பட்ட கோட்ரஸ் சாதாரணக் குடியானவன்போல் வேடமிட்டு எதிரிகளின் பாசறைக்குப் போய், வேண்டுமென்றே சண்டை இழுத்து, அவர்கள் கையால் செத்துப்போனார். கொல்லப்பட்டவர் யார் என்று தெரிந்ததும் டோரியர்கள் பின்வாங்கினார்கள். தன்னைக் கொல்ல விரும்பாத எதிரியைக் கொல்லவைத்து ஊரைக் காப்பாற்றிய ராஜா! இந்தச் சதுரங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

20-ஆம் நூற்றாண்டில் இத்தகைய மாற்று விதிகளுக்கு ஒரு கௌரவம் கிடைத்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த டி.ஆர். டாசன் (1889-1951), வழக்கத்துக்கு மாறான காய்களையும் விதிகளையும் கொண்ட 'ஃபேரி செஸ்' என்ற துறையை வளர்த்தெடுத்தார். அதற்கென்றே ஒரு பத்திரிகையை 1930 முதல் தன் இறுதிக்காலம் வரை நடத்தினார். இன்னொரு ஆங்கிலேயரான டேவிட் பிரிட்சர்ட் 1994-ல் சதுரங்க வகைகளுக்கு ஒரு கலைக்களஞ்சியமே வெளியிட்டார். அதில் 1,400-க்கும் மேற்பட்ட வகைகள் இடம்பெற்றன. அவற்றில் பெரும்பாலானவை அதைக் கண்டுபிடித்தவரும் அவருடைய நண்பரும் ஆடியதோடு முடிந்துபோகிற ரகம். தோற்கும் சதுரங்கம் அப்படி முடிந்துபோகவில்லை.

ஆடிப் பார்த்தால்தான் தெரியும்

ஏன் முடிந்துபோகவில்லை? ஆடத் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிடுகிறது என்பதே காரணம்.

வழக்கமான சதுரங்கத்தில் மிகவும் பிரபலமான முதல் நகர்த்தல், வெள்ளை ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தி ஈ4-ல் வைப்பது. தோற்கும் சதுரங்கத்தில் இதை ஆடிப் பாருங்கள். கறுப்பு தன் சிப்பாய் ஒன்றை பி5-ல் கொண்டுவந்து வைக்கும். சிப்பாய் விலகியதால் வெள்ளை மந்திரிக்கு வழி திறந்திருக்கிறது. எனவே அந்த மந்திரி பி5 வரை ஓடிப்போய் அந்தச் சிப்பாயை வெட்டியே ஆகவேண்டும். அங்கே நின்றதும் அதன் பார்வையில் டி7-ல் இருக்கும் இன்னொரு சிப்பாய் படுகிறது. கறுப்பு குறுக்கிடாவிட்டால் அடுத்த முறை அதையும் வெட்ட வேண்டும். வெள்ளை விரும்பி ஆட வேண்டிய ஆட்டத்தைக் கறுப்பு ஆட்டுவிக்கிறது. இந்த முதல் நகர்த்தல் வெள்ளைக்குக் கைவிட்டுப்போன ஆட்டம் என்பது கணினிகளின் துணையோடு உறுதியாகக் காட்டப்பட்டுவிட்டது. அதேபோல் ராணிக்கு முன் நிற்கும் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினாலும் சரி, இரண்டு கட்டம் நகர்த்தினாலும் சரி, கறுப்புக்கே வெற்றி.

இங்கே காய்களின் மதிப்பும் தலைகீழாகிறது. ராணி எட்டுத் திசையிலும் தூரமாகப் பார்ப்பவள். சாதாரண ஆட்டத்தில் அது பலம். இங்கே அதுவே பலவீனம், ஏனென்றால் பார்வையில் படுவதையெல்லாம் வெட்டித் தொலைக்க வேண்டும். ஒருவர் கொடுத்துக்கொண்டே இருக்க, இன்னொருவரின் ராணி வரிசையாக வெட்டிக்கொண்டே போவது இந்த ஆட்டத்தில் சர்வசாதாரணம். ஒரு கட்டம் மட்டுமே நகரும் ராஜா அவ்வளவு எளிதில் வலையில் சிக்காது. அதனால்தான் கடைசி வரிசையை அடைந்த சிப்பாயை ராணியாக்காமல் ராஜாவாக்குவது பல நேரங்களில் புத்திசாலித்தனமாகிறது.

கடைசிக் கட்டம் இன்னும் நுணுக்கமானது. ஆளுக்கு ஒரு மந்திரி மட்டும் மிஞ்சி, ஒன்று வெள்ளைக் கட்டத்திலும் மற்றது கறுப்புக் கட்டத்திலும் இருந்தால் ஒன்றையொன்று ஒருபோதும் சந்திக்கவே முடியாது. ஆட்டம் டிரா. மற்ற காய்கள் மிஞ்சினால் அப்படிச் சுலபமாகச் சொல்ல முடியாது. இந்த ஆட்டத்தின் அழகும் சிக்கலும் அதன் முடிவுப் பகுதியில்தான் இருக்கிறது என்பது பிரிட்சர்டின் கருத்து. பலகையில் இரண்டே காய்கள் இருந்தாலும் சரியாக ஆடத் திறமை வேண்டும். மூன்று நான்கு காய்கள் என்றால் மனித மூளைக்கு எட்டாமலே போகலாம்.

நோக்கத்தைத் தலைகீழாக்கும் எல்லா ஆட்டங்களும் இவ்வளவு தூரம் மாறிவிடுவதில்லை. 'நிம்' என்று ஒரு ஆட்டம் உண்டு. சில குவியல்களாகத் தீக்குச்சிகளை வைத்து, ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது ஏதாவது ஒரு குவியலிலிருந்து எத்தனை குச்சிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். கடைசிக் குச்சியை எடுப்பவருக்கு வெற்றி. சார்லஸ் பூட்டன் என்ற ஹார்வர்டு கணிதப் பேராசிரியர் 1901-ல் இதற்கு முழுமையான கணித விடை கொடுத்தார். கடைசிக் குச்சியை எடுப்பவருக்குத் தோல்வி என்று விதியைத் திருப்பிப் போட்டாலும் அதே வழியில்தான் ஆட வேண்டும். எல்லாக் குவியல்களும் ஒற்றைக் குச்சிகளாகப் போகும் கட்டத்தில் மட்டும் கணக்கைச் சற்று மாற்றிக்கொண்டால் போதும். நிம்மில் வாலை மட்டும் திருப்பினார்கள். சதுரங்கத்தில் தலை முதல் கால் வரை எல்லாமே திரும்பிவிட்டது.

கணினி வந்த பிறகு

1990-களில் இணையம் வழியாகச் சதுரங்கம் ஆடுவது பரவியது. 1995-ல் தொடங்கிய இலவச இணையச் சதுரங்க சர்வர் ஒன்றில் தோற்கும் சதுரங்கத்துக்கும் இடம் கிடைத்தது. அடுத்த தெருவில் ஆள் கிடைக்காத ஆட்டத்துக்கு உலகத்தின் மறுகோடியிலிருந்து ஆள் கிடைத்தது. கூடவே இதை ஆடுவதற்கென்றே எழுதப்பட்ட கணினி நிரல்களும் வந்தன.

கணினிக்கு இந்த ஆட்டம் ஏன் வசதி என்பதற்கும் அந்தக் கட்டாய விதியே காரணம். சாதாரண சதுரங்கத்தில் ஒரு நிலையிலிருந்து சராசரியாக முப்பதுக்கும் மேற்பட்ட நகர்த்தல்கள் சாத்தியம். ஒவ்வொன்றிலிருந்தும் மீண்டும் முப்பது என்று கிளைகள் பெருகிக்கொண்டே போகும். இங்கே வெட்ட வேண்டிய கட்டாயம் வந்துவிட்டால் ஒன்றோ இரண்டோ வழிகள்தான் மிஞ்சும். மற்ற கிளைகளெல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. மனிதனைச் சிக்கவைக்கும் விதி கணினிக்குச் சுமையைக் குறைக்கிறது.

2007-ல் ஜோனதன் ஷேஃபர் தலைமையிலான கனடா ஆய்வாளர்கள், செக்கர்ஸ் ஆட்டத்தில் இரு தரப்பும் பிழையின்றி ஆடினால் டிராதான் என்று நிரூபித்தார்கள். 1989-ல் தொடங்கிய வேலை அது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2016 அக்டோபரில் தோற்கும் சதுரங்கத்தின் முறை வந்தது. மார்க் வாட்கின்ஸ் என்ற கணித ஆய்வாளர், பல ஆண்டுக் கணினிக் கணக்கீட்டுக்குப் பிறகு விடையை அறிவித்தார். வெள்ளை சரியாகத் தொடங்கினால், கறுப்பு என்ன செய்தாலும் வெள்ளைக்கே வெற்றி. அந்தச் சரியான தொடக்கம் எது தெரியுமா? ராஜாவுக்கு முன்னால் நிற்கும் அதே சிப்பாயை ஒரு கட்டம் மட்டும் நகர்த்துவது. இரண்டு கட்டம் நகர்த்தினால் தோல்வி, ஒரே கட்டம் நகர்த்தினால் வெற்றி!

விளையாட்டாகத் தொடங்கிய ஆட்டத்துக்கு முதல் நகர்த்தலிலிருந்து விடை தெரிந்துவிட்டது. நூற்றாண்டுகளாக மேதைகள் ஆராய்ந்துவரும் சாதாரண சதுரங்கத்துக்கு அப்படி ஒரு விடை இல்லை.

உண்மையிலேயே மோசமாக ஆடினால்?

இந்த வரலாற்றுக்கு ஒரு சுவையான துணைக்கதை 2019-ல் சேர்ந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தை ஒட்டி, ஏப்ரல் முதல் தேதிக்காக ஒரு நையாண்டி ஆராய்ச்சி மாநாடு நடப்பது வழக்கம். அதற்கு டாம் மர்ஃபி என்ற கணினி விஞ்ஞானி ஒரு கட்டுரை எழுதினார். சாதாரண சதுரங்கத்தை விதவிதமாக மோசமாக ஆடும் நிரல்களை எழுதி, அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டு வரிசைப்படுத்துவதுதான் அவருடைய ஆராய்ச்சி. எங்கே போகிறோம் என்று பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு நகர்த்தும் நிரல் ஒன்று. யாரையும் வெட்டாமல் ஒதுங்கிப்போகும் நிரல் ஒன்று. தன் ராஜாவை எதிரி ராஜாவை நோக்கி நடத்திக்கொண்டே போகும் நிரல் இன்னொன்று. இவற்றோடு 'வொர்ஸ்ட்ஃபிஷ்' என்ற ஒன்றும் இருந்தது. உலகின் மிகப் பலமான நிரல்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷிடம் ஒவ்வொரு நகர்த்தலையும் மதிப்பிடச் சொல்லி, அதில் மிக மோசமானதைத் தேர்ந்தெடுத்து ஆடுவது அதன் வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஆடும் நிரலிடம்கூட அது தோற்றது!

இதில் ஒரு விஷயம் அடங்கியிருக்கிறது. தற்செயலாக நகர்த்துகிறவன் சில நேரம் நல்ல நகர்த்தலையும் ஆடிவிடுவான். ஒன்றுவிடாமல் மோசமாக ஆட வேண்டுமென்றால், எது நல்லது என்று முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கஸில் கம்பியிலிருந்து விழுந்து விழுந்து எழும் கோமாளி, அந்தக் கூட்டத்திலேயே நன்றாகக் கம்பி நடக்கத் தெரிந்தவனாக இருப்பதைப்போல.

விட்டுக்கொடுப்பவன் கெட்டுப்போவதில்லை என்று நம் ஊரில் சொல்வார்கள். தோற்கும் சதுரங்கம் அந்தப் பழமொழிக்கு ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறது. வாங்குகிறவனுக்கு மறுக்க வழியில்லாதபோதுதான் விட்டுக்கொடுப்பவன் ஜெயிக்கிறான். அந்த நிபந்தனை இல்லாத இடத்தில் மோசமான நகர்த்தல் வெறும் மோசமான நகர்த்தலாகவே இருக்கிறது, வொர்ஸ்ட்ஃபிஷ் ஆடியதைப்போல. ஒரு நகர்த்தலை நல்லது கெட்டது என்று தீர்மானிப்பது காயும் இல்லை, கட்டமும் இல்லை. இருவரும் ஆட்டம் தொடங்கும் முன் ஒப்புக்கொண்ட விதிதான்.

விடை தெரிந்துவிட்டதே, இனி யார் ஆடுவார்கள் என்று கேட்கலாம். வாட்கின்ஸ் நிரூபித்த வெற்றிப் பாதையின் கிளைகள் எந்த மனிதனாலும் மனப்பாடம் செய்ய முடியாத அளவுக்குப் பெரியவை. 2016-க்குப் பிறகும் இணையத்தில் இந்த ஆட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சதுரங்கப் பலகையும், வம்புக்கு ஒரு நண்பரும் இருந்தால் நீங்களும் ஆடிப் பார்க்கலாம். முதல் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் மட்டும் நகர்த்துங்கள்.